வாடகையோடு முடியாத கணக்கு

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையை. அது பாதிக் கணக்குதான். 15,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம் முடங்கிவிடும். 7 சதவீத வட்டியில் அதுவே மாதம் 875 ரூபாய் இழப்பு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தடையில்லை என்று கதவையும் திறந்தே வைத்திருக்கிறது. மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிப் பங்கு, சப்-மீட்டருக்கு வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலை எல்லாம் குடிபோன பிறகுதான் தெரியவரும்.

புறநகரில் கூடுவாஞ்சேரிப் பக்கம் போனால் வாடகை மிச்சம்தானே என்பார்கள். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமென்றால் சரி. மின்சார ரயில் சீசன் டிக்கெட் மலிவு. மூன்று கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால், ஆட்டோவுக்குத் தினம் நூறு என்றாலும் 25 நாளில் 2,500 ரூபாய். வாடகை வித்தியாசம் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.