நான்காவது மாடியில் ஒரு ‘ர்’

1962 நவம்பர். நியூயார்க்கின் பெரிய கடைகளில் ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான்காவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முன்பே தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாததுபோல மறுபடி கேட்பார். இந்த முறை அழுத்திச் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய் நோட்டில் குறித்துக்கொள்வார்: ‘ர்’ ஒலித்ததா, இல்லையா?

அவர் வில்லியம் லபோவ், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர். பணக்காரர்கள் போகும் சாக்ஸ் கடையில் ஒருமுறையாவது ‘ர்’ சொன்னவர்கள் 62 சதவீதம். நடுத்தர மக்களின் மேசிஸில் 51. மலிவு விலைக் கடையான எஸ். க்ளைனில் 20 மட்டுமே. மேசிஸ் ஊழியர்களிடம் இரண்டாவது பதிலில் ‘ர்’ கூடிவிட்டது. எது உயர்ந்த பேச்சு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கவனம் வந்ததும் நாக்கு அதைத் தேடிப் போயிருக்கிறது. இந்த ஆய்வில் என்னை உலுக்கும் இடம் இதுதான்.

ஏனென்றால் இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர். படித்த லண்டன்காரர் காரை ‘கா’ என்பார். ‘ர்’ அழுந்த ஒலித்தால், மேற்கு மாவட்டத்துப் பட்டிக்காட்டு ஆள் என்று எடைபோட்டுவிடுவார்கள். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இன்றுவரை ‘ர்’ரை விடவில்லை.

17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் ‘ர்’ சொன்னவர்கள்தான். அதன்பிறகுதான் லண்டனில் அந்த ஒலி தேய்ந்தது. ஜான் வாக்கர் 1791இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலேயே இந்தத் தேய்மானம் பதிவாகியிருக்கிறது. லண்டனோடு நெருங்கிப் பழகிய பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன் ஆகிய துறைமுக ஊர்களும் ‘ர்’ரைக் கைவிட்டன. பிலடெல்பியாவும் உள்நாடும் விடவில்லை. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சு அங்கே வலுவாக இருந்தது. 1933இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட்டின் உரையைக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ‘ர்’ இருக்காது. அன்று அது மேட்டுக்குடிப் பேச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மதிப்பு மாறியது. லபோவ் கடைகடையாக ஏறியது அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான்.

ஆக, முப்பதே ஆண்டுகளில் ஒரே ஊரில் ஒரே ஒலி கீழிருந்து மேலே போயிருக்கிறது. உச்சரிப்பை வைத்து ஒருவரின் அறிவை அளப்பது எவ்வளவு அநியாயம்!

இன்னொன்று: ‘ர்’ரை விட்ட லண்டன்காரர்கள், எழுத்தில் இல்லாத இடத்தில் அதைச் சேர்ப்பதும் உண்டு. ‘லா அண்ட் ஆர்டர்’ அவர்கள் வாயில் ‘லாரண்டாட’ என்றாகும். இப்படிச் சில உயிரொலிகளில் முடியும் சொல்லுக்கு அடுத்த சொல்லும் உயிரொலியில் தொடங்கினால் இடையில் ‘ர்’ தானாக வந்துவிடும். பாஸ்டனின் பழைய பேச்சிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே இளைய தலைமுறையினர் பலர் இப்போது ‘ர்’ருக்குத் திரும்பிவிட்டார்கள்.

(தொடரும்)