கல்குட்டைகளைச் சுற்றி ஒரு நடை

நடைப்பயணம் என்றவுடன் மாணவர் பலர் உதகையையும் கொடைக்கானலையும் நினைப்பர். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் வழியே பூந்தமல்லி செல்லும் பேருந்தில் ஏறினால், மாங்காட்டிற்கு முன்பாகவே சிக்கராயபுரத்தில் இறங்கிவிடலாம். கைவிடப்பட்ட கல் குவாரிகள் அங்கே நீர்நிலைகளாய் விரிந்து கிடக்கின்றன. லுஹர் தொழுகை முடித்து, மாணவருடன் அங்குச் சென்றோம்.

ஏரிக்கும் கல்குட்டைக்கும் வேற்றுமை பெரிது. ஏரியின் உட்புறம் சரிந்திருக்கும். ஆழம் படிப்படியாகக் கூடும். கல்குட்டைக்கோ கரை என்பதே இல்லை. வெட்டிய பாறை செங்குத்தாய் நீருக்குள் இறங்குகிறது. தவறி வீழ்ந்தவர் பற்றி ஏறப் பிடிமானம் இராது. இத்தகைய குட்டைகளில் இளைஞர் பலர் உயிரிழந்துள்ளனர். ஆதலின் விளிம்பை விட்டு விலகியே நடந்தோம். எவரையும் கால் நனைக்கவும் விட்டோமில்லை. சிலர் முணுமுணுத்தனர், நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கெட்டியான பாறையாதலின் நீர் விரிசல்களின் வழியே மட்டும் கசியும்; எனவே பெய்த மழை கோடையிலும் தங்குகிறது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் இந்நீரை இறைத்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மைப்படுத்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் நகருக்கு வழங்கியது. 2019ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் நகரம் இக்குட்டைகளையே நாடிற்று. சல்லிக்காகத் தோண்டிய பள்ளம் தாகம் தீர்த்திருக்கிறது! ஓரிடத்தில் நீரோரமாய்க் கிடந்த குப்பைக் குவியலைக் கண்ட மாணவர் ஒருவர், "இதைத்தானே ஐயா குடித்தோம்?" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

பொழுது சாயுமுன் மாங்காடு வரை நடந்து பேருந்து ஏறினோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து வருவோர்க்குப் பூந்தமல்லியில் மாறி ஏறுதல் எளிது.