ஆகாய விமானத்தில் வரும் போத்தல்

கடல் கடந்து சென்றவர் விடுமுறையில் வீடு திரும்பும் நாள் எந்தக் குடும்பத்துக்கும் ஒரு சிறு திருநாளாகும். வாசலில் வாகனம் வந்து நின்றதும் அயலவர் கூடுவர். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி அமர்ந்துகொள்வர். பாட்டிக்குக் கம்பளி, தங்கைக்குச் சட்டை, சிறுவர்க்கு இனிப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கடைசியாக, எவரும் வாய்விட்டுக் கேளாவிடினும் ஆண்கள் பலர் எதிர்பார்த்திருந்த பொருள் ஒன்றும் வரும். அதுதான் வெளிநாட்டுப் போத்தல். இப்போத்தல் நம் வீடுகளுக்கு வந்து சேரும் வழியையும், அதற்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார் என்பதையும் வாசகர்களுடன் சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

2022 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் எமது மாணவன் ஒருவனின் வீட்டைத் தேடி இறம்பொடைக்குச் சென்றிருந்தோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறும் பஸ் வண்டி, நீர்வீழ்ச்சியின் இரைச்சல் கேட்கும் ஒரு வளைவில் எம்மை இறக்கிவிட்டுச் சென்றது. மூடுபனியில் தேயிலைச் செடிகளின் நடுவே படியேறி லயத்தை அடைந்தோம். தந்தையை இழந்த குடும்பம் அது. தாயார் குவைத் நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு, முதல் நாள்தான் விடுமுறையில் வந்திருந்தார். சுவாமிப் படத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த தட்டில் இரண்டு விஸ்கிப் போத்தல்கள் மினுமினுத்துக்கொண்டிருந்தன.

எமது பார்வை சென்ற இடத்தை அந்த அம்மையார் கவனித்துவிட்டார். "அதெல்லாம் நமக்கில்லீங்க சேர். ஒன்னு எங்க அண்ணனுக்கு. பாஸ்போட்டுக்கும் ஏஜென்சிக்கும் அலைஞ்சு என்னைய அனுப்பி வச்சது அவருதான். மத்தது பக்கத்துக் காம்பராக்காரங்களுக்கு. ரெண்டு வருசமா புள்ளைகளப் பாத்துக்கிட்டாங்க. வெறுங்கையோட வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. தேநீரை அருந்திவிட்டு வேறு பேச்சுக்குப் போனோம்.

சலுகை பிறந்த கதை

விமானப் பயணிகள் தீர்வை இல்லாமல் மதுபானம் வாங்கும் வழக்கம் மிகப் பழையதொன்றன்று. 1947 ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்தின் ஷனன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ ரீகன் என்பவர் தீர்வையற்ற கடையொன்றைத் திறந்தார். அக்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்புவதற்காக அங்கே இறங்குவது வழக்கம். நாட்டுக்குள் புகாமலே காத்திருக்கும் பயணிக்கு அந்நாட்டு வரியை விதிப்பானேன் என்ற எண்ணத்தில் எழுந்தது அக்கடை. பின்னர் உலகெங்கும் விமான நிலையங்கள் இவ்வழியைப் பின்பற்றின. எமது கட்டுநாயக்கா நிலையத்தில் நாட்டை விட்டுப் புறப்படுவோருக்கு மட்டுமன்றி, வந்து இறங்குவோருக்கும் தீர்வையற்ற கடைகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் ஒரு பக்கம், மதுபானம் மற்றொரு பக்கம் என அவை விற்பனையாகின்றன.

குவைத்திலிருந்து வந்த அம்மையாரின் போத்தல்களும் இங்கேதான் வாங்கப்பட்டவை. ஏனெனில், குவைத் நாட்டில் மதுபானம் கொண்டு செல்வதும் விற்பதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. இரண்டு ஆண்டுகளாக மதுவின் வாசனையே இல்லாத நாட்டில் உழைத்தவர், சொந்த மண்ணில் கால் வைத்த முதற் கால் மணி நேரத்திலேயே அதற்குப் பணம் செலுத்தினார்!

தீர்வையற்ற மதுபானத்திற்கு ஒவ்வொரு நாடும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. இந்தியாவுக்குள் செல்லும் பயணி 2 லீற்றர் வரை கொண்டு செல்லலாம். இலங்கையில் சாராய வகைகளுக்கு ஓரளவும் திராட்சை மதுவுக்கு ஓரளவுமாகச் சுங்கப் பகுதியினர் விதித்துள்ளனர். எல்லைக்கு மேற்பட்டதை உரியவாறு தெரிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். மறைத்து வைத்தால் பறிமுதலும் தண்டமும் நேரும். இச்சலுகை சொந்த உபயோகத்துக்கு மாத்திரமே, விற்பனைக்கு இல்லை. நம்மவர் பலர் தொழிலுக்குச் செல்லும் மாலைதீவிலோ ஒரு போத்தலுக்கும் அனுமதி கிடையாது. வந்திறங்கும் பயணியின் போத்தலைச் சுங்கத்தார் வாங்கி வைத்துக்கொள்வர்.

விமானம் கேட்கும் விலை

சுங்கத்தின் விதிகள் வரியைப் பற்றியவை. விமானத்தின் விதிகளோ தீயைப் பற்றியவை. தூய மதுசாரம் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். நூற்றுக்கு 40 பங்கு மதுசாரம் கொண்ட விஸ்கி போன்றவற்றுக்கு இது சுமார் 26 பாகையாகும். ஆகவே சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் மதுபானங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் மதுசாரம் உள்ளவற்றைப் பயணி எவ்வகையிலும் கொண்டு செல்லலாகாது. 24 பங்குக்கு மேற்பட்டு 70 வரை உள்ளவற்றை, கடையில் விற்ற மூடி திறவாத நிலையில், ஒருவர் 5 லீற்றர் வரை கொண்டு செல்லலாம். 24 பங்கும் அதற்குக் குறைந்ததுமான பியர், திராட்சை மது போன்றவற்றுக்குத் தீ பற்றிய எல்லை எதுவும் இல்லை. விமானம் அனுமதிக்கும் 5 லீற்றரை இறங்கும் நாட்டின் சுங்கமும் அனுமதிக்கும் என்று எண்ணி ஏமாறுவோர் உளர். இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

கைப்பையில் வைப்பதற்கு வேறொரு விதி உண்டு. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்று பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின், எந்தத் திரவமும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கொள்கலத்திலே கைப்பையில் இருத்தலாகாது என்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவியது. தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது பற்றுச்சீட்டுடன் முத்திரையிட்ட பையினுள் இருக்க வேண்டும். வீடு சேரும்வரை அப்பையைத் திறக்கலாகாது.

இவ்விதியின் கடுமையை எமது நண்பரான ஓர் ஆசிரியர் நன்கு கற்றுக்கொண்டார். ஐரோப்பாவில் மகளுடன் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பும்போது மைத்துனருக்கென உயர்ந்த பிராந்திப் போத்தலொன்றை வாங்கினார். வழியில் விமானம் மாறவேண்டியிருந்தது. முதல் விமானத்தில் பக்கத்து ஆசனத்துப் பயணி போத்தலின் அழகை வியந்து பேச, நண்பர் பெருமிதத்துடன் பையைக் கிழித்து எடுத்துக் காட்டினார். மாறும் நிலையத்தில் சோதனை செய்த உத்தியோகத்தர் கிழிந்த பையைப் பார்த்தார். நண்பரின் முகத்தைப் பார்த்தார். மரியாதையுடன் போத்தலை எடுத்துக் குப்பைத் தொட்டியிற் போட்டார். "அது விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது" என்று நண்பர் சொல்லிச் சிரிப்பதுண்டு. மைத்துனர் மட்டும் இன்றுவரை அக்கதையை நம்பவில்லையாம்!

பெரிய பெட்டியில் வைத்து அனுப்புவோர் போத்தலைத் துணியால் நன்கு சுற்றிப் பெட்டியின் நடுவிலே வைத்தல் வேண்டும். இன்னுமொன்று: தாம் கொண்டுவந்த மதுவை விமானத்தினுள்ளே திறந்து அருந்துவதை விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

யாருக்காக இந்தப் போத்தல்?

விதிகளை அறிந்துகொள்வது எளிது. வழக்கத்தை அறிவதுதான் கடினம். மலையகத் தோட்டங்களிலிருந்து மேற்காசிய நாடுகளுக்குச் சென்ற பெண்கள் பலர். அவர்கள் திரும்பி வரும்போது போத்தல் கொண்டுவர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் வழி அனுப்பிய அண்ணனும், கடன் கொடுத்த உறவினரும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அயலவரும் அதை ஒரு மரியாதையாக எண்ணுகின்றனர். நன்றியைத் தெரிவிக்க வேறு வழி அறியாத பெண், தான் ஒரு துளியும் சுவைக்காத பொருளைச் சுமந்து வருகிறார்.

இதில் மறைந்து கிடக்கும் முரண்பாடு ஒன்றுண்டு. 1979 ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட விதியொன்று, மதுக்கடையில் பெண்களுக்கு மதுபானம் விற்பதை இந்நாட்டில் தடைசெய்தது. 2018 ஆம் ஆண்டு தை மாதத்தில் நிதி அமைச்சர் அதை நீக்கினார். சில தினங்களிலேயே ஜனாதிபதியின் பணிப்புரையால் அந்நீக்கம் இரத்தாயிற்று. இந்த வாதப் பிரதிவாதங்கள் பத்திரிகைகளை நிறைத்த நாட்களிலும் விமான நிலையத்தில் இறங்கிய எத்தனையோ தாய்மார் ஆண்களுக்காகப் போத்தலைத் தூக்கிக்கொண்டுதான் வந்தனர். அதைப் பற்றி எவரும் வாதாடவில்லை.

"கசிப்பைக் குடித்துக் கெடுவதைவிட இது மேலல்லவா?" என்று சிலர் கேட்பர். கசிப்பு கொடியது என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் 40 பங்கு மதுசாரம் கொண்ட 750 மில்லிலீற்றர் போத்தலில் 300 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. அது எந்த நாட்டுச் சீட்டை ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஈரலுக்குள் சென்றபின் ஒன்றுதான். அன்றியும், வெளிநாட்டுப் போத்தல் ஓரிரவிலே தீர்ந்துவிடும். அது மூட்டிய தாகத்தைத் தீர்க்க மறுநாள் உள்ளூர்க் கடையையே நாட வேண்டும்.

விலை மலிவு என்ற நியாயமும் உண்டு. மதுபானத்தின் விலையில் வரியே பெரும்பங்கு ஆதலால் தீர்வையற்ற விலை குறைவாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் வாங்கவே தேவையில்லாத பொருளை மலிவாக வாங்குவதால் மிஞ்சுவது என்ன? சலுகை இருக்கிறது என்பதற்காகவே அதை நிரப்பிக்கொள்ள வேண்டுமென்று கட்டாயமில்லை.

ஒரு மாணவனின் கணக்கு

இறம்பொடையிலிருந்து நாம் திரும்பியபின், தை மாதம் கல்லூரி தொடங்கியதும் எமது மாணவன் தன் அப்பியாசக் கொப்பியை எம்மிடம் கொண்டு வந்தான். பின் அட்டையில் ஒரு கணக்குப் போட்டிருந்தான். இரண்டு போத்தல்களின் விலை இலங்கைப் பணத்தில் சுமார் 20,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டு முதல் 1,000 ரூபாவாக இருந்தது. ஆகவே இருபது பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்பர். "இருபது பேரும் ஒரே ராத்திரியில் முடிஞ்சு போச்சு சேர்" என்றான். அவனுடைய மேசை விளக்குக்கும் பரீட்சை வழிகாட்டிகளுக்கும் அதில் கால்வாசிப் பணமே போதுமாயிருந்தது என்பதை அவன் எழுதவில்லை, எமக்குத் தெரிந்திருந்தது.

"அம்மாவிடம் அடுத்த முறை வேண்டாம் என்று சொல்" என்றோம். "சொன்னேன் சேர். 'கேக்குறவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?'ன்னு கேட்டாங்க" என்றான். தாயின் கேள்வி நியாயமானது. கொண்டு வருபவர் மறுத்தால் நன்றி கெட்டவர் என்ற பெயர் வரும். ஆகவே அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டியவர் பயணியல்லர், வீட்டில் காத்திருப்பவரே. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், நீ சுகமாக வந்து சேர்" என்று புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நெஞ்சிலுள்ள பாரம் பாதியாகக் குறையும்.

2024 ஆம் ஆண்டு கடைசியில் அந்த அம்மையார் மறுபடி விடுமுறையில் வருவதாக இருந்தார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன் மாணவன் தன் மாமனின் காம்பராவுக்குப் போய், "மாமா, அம்மாக்கிட்ட இந்தத் தடவ உங்களுக்கு என்ன கொண்டு வரச் சொல்லட்டும்? போத்தல் மட்டும் வேணாம்" என்று கேட்டானாம். மாமன் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, "இந்தக் குளிருக்கு நல்ல சுவெட்டர் ஒன்னு இருந்தா போதும்டா" என்றாராம்.

அவ்வாண்டும் நாம் இறம்பொடைக்குச் சென்றோம். மாமனார் பழுப்பு நிறக் கம்பளிச் சுவெட்டருடன் வாசலில் நின்று எம்மை வரவேற்றார். பழைய விஸ்கிப் போத்தல்களில் ஒன்று அதே தட்டில் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடியை நட்டிருந்தனர். அருகே மாணவனின் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.