ஓடாத பிரிட்ஜில் கறிக்குப் புகை போடலாமா? உள்ளே இருக்கிறான் எமன்!

கோவில்பட்டி:-

மோட்டார் செத்துப்போன பழைய பிரிட்ஜ் உங்கள் வீட்டில் நிற்கிறதா? எடைக்குப் போட மனசு வரவில்லையா?

"அதை ஏன் எடைக்குப் போடணும்? உள்ளே நாலு கம்பியை மாட்டு. கீழே புகையைப் போடு. ஆட்டுக்கறி, கோழிக்கறி எல்லாத்தையும் புகையில வாட்டிடலாம்!" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிப் பழைய பிரிட்ஜைப் புகைப்பெட்டி ஆக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் எல்லாப் பிரிட்ஜும் இதற்கு ஆகாது. தப்பான பெட்டியில் கைவைத்தால் கறியோடு சேர்ந்து விஷமும் வயிற்றுக்குள் போகும்!

ஏன் பிரிட்ஜ்?

குளிரை உள்ளே பிடித்து வைக்கும் பெட்டி, சூட்டையும் பிடித்து வைக்கும். இதுதான் விஷயம். இரண்டு சுவருக்கு நடுவே சூடு தாண்டாத பொருளை அடைத்திருக்கிறார்கள். கதவு இறுக்கமாக மூடும். தட்டு மாட்டத் தடம் இருக்கிறது. புகை போட இதைவிட வாகான பெட்டி கிடைக்காது என்று தோன்றும்.

இந்தியாவில் கோத்ரெஜ் கம்பெனி 1958ல் பிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பிரிட்ஜ்களில் உள்சுவர் பெரும்பாலும் எனாமல் பூசிய இரும்புத் தகடு. நடுவே கண்ணாடிப் பஞ்சு. இவை சூடு தாங்கும்.

பிறகு வந்தவை அப்படி அல்ல. உள்சுவர் பிளாஸ்டிக். நடுவே பாலியூரித்தேன் என்ற நுரை. இன்று காயலான் கடைக்கு வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எமன் நாலு பேர்!

முதல் எமன் பிளாஸ்டிக். 100 டிகிரி வாக்கில் அது இளக ஆரம்பித்துவிடும். அந்த ஆவி கறியில்தான் படியும்.

இரண்டாவது எமன் நுரை. இது தீப்பிடித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டுமே ஆளைக் கொல்லும் வாயு.

மூன்றாவது எமன் கம்பித்தட்டு. "பளபளன்னு நல்லாத்தானே இருக்கு" என்று அதையே அடுப்புமேல் போட்டுவிடக் கூடாது. பழைய தட்டுகளில் காட்மியம் அல்லது துத்தநாக முலாம் இருக்கலாம். சூடு பட்டால் அது கறியில் இறங்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷ உலோகம்.

நாலாவது எமன் கேஸ். பழைய பெட்டிகளில் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு இருந்தது. 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டோடு அந்த வாயுவின் உபயோகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இப்போதைய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குத் தம்பி! குழாயை ரம்பத்தால் அறுத்தால், ஒரு பொறி போதும். குழாயில் கைவைக்கும் முன் மெக்கானிக்கை அழைத்துக் கேஸை முறைப்படி எடுக்கச் சொல்ல வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

உள்சுவரில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் தகடு. "டப்" என்றால் பிளாஸ்டிக். காந்தத்தை வைத்தும் பார்க்கலாம். இரும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே தகடு இருந்தால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு நடுவே இருப்பது பஞ்சா, நுரையா என்று பார்க்க வேண்டும். பஞ்சு என்றால் மேலே போகலாம். கண்ணாடிப் பஞ்சு தோலை அரிக்கும், மூச்சில் ஏறும். கையுறையும் முகத்துணியும் கட்டாயம்.

நுரை என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். கறியைப் புகையிலேயே வேகவைக்கப் பெட்டிக்குள் 110 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நுரை அதற்குத் தாங்காது. பிரிட்ஜ் மின்கழிவுக் கணக்கில் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

செய்முறை

தகடும் பஞ்சும் உள்ள பெட்டி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக்காக இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகடு அடிக்க வேண்டும். ரப்பர் பட்டையும் ஆகாது. பழைய தட்டுகளுக்குப் பதில் எவர்சில்வர் கம்பி.

தீயைப் பெட்டிக்குள் போடக் கூடாது. தனியாக ஒரு இரும்பு டப்பாவில் போட்டு, தகரக் குழாய் வழியாகப் புகையைப் பெட்டியின் அடிப்பக்கம் விட வேண்டும். மேலே ஒரு ஓட்டை அவசியம். புகை ஓடிக்கொண்டே இருக்கணும். உள்ளேயே அடைபட்டால் கறி கரிப்பிடித்துக் கசக்கும். முகப்பில் ஒரு வெப்பமானி வேண்டும்.

வைக்கும் இடம் வெட்டவெளி. வீட்டுக்குள்ளோ, மூடிய கொட்டகையிலோ வேண்டவே வேண்டாம்.

வீட்டு வாசலில் அமெரிக்க விறகு!

விறகுக்கு எங்கும் அலைய வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் கறிக்குப் புகை போட விரும்பித் தேடுவது மெஸ்கீட் என்ற மரம். அது யார் தெரியுமா? நம் கண்மாயையும் காட்டையும் வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! விளாத்திகுளம் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே, அதே சீமைக் கருவேல்தான்.

காய்ந்த விறகாகக் கொஞ்சமாகப் போட்டால் போதும். கொய்யா, மா விறகும் ஆகும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடவே கூடாது. அரளிக் குச்சி சுத்தமாக ஆகாது. அது விஷம்.

புகை காப்பாற்றுமா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "புகை போட்டாச்சு, இனி கெடாது" என்று நினைக்கிறார்கள். தப்பு!

புகையில் கிருமியை அடக்கும் சரக்கு உண்டு. ஆனால் அது மேல்தோலோடு நின்றுவிடும். கறியின் நடுவுக்குப் போகாது. நடுவே கிருமி சாக வேண்டுமானால் அங்கே 74 டிகிரி சூடு ஏற வேண்டும்.

வேகவைக்காமல் குளிர்ந்த புகையில் வாட்டும் முறையும் சில நாடுகளில் உண்டு. அதற்குப் பெட்டிக்குள் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் தெருவிலேயே அதைவிட அதிகம்! இங்கே அது நடக்காத காரியம். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெக்கையில் பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தாலே ஆபத்து.

உலகில் புகைக்கறி எங்கெல்லாம் பழக்கம் என்று பார்த்தால் காரணம் புரியும். நாகாலாந்து, குடகு போன்ற மழை நாடுகளில் அடுப்புக்கு மேலே கறியைத் தொங்கவிடுவார்கள். அங்கே காயவைக்க வெயில் இல்லை. புகைதான் வழி.

கரிசல்காட்டுக் கண்டம்

நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? அதனால்தான் தென்மாவட்டங்களில் உப்புக்கண்டம் வந்தது.

கொடை விழாவிலோ பொங்கலிலோ கிடா வெட்டுவார்கள். உறவுக்காரர்களுக்குப் பங்கு போனது போக மீதிக் கறியைக் கண்டம் போடுவார்கள். கண்டம் என்றால் துண்டு. கொழுப்பை நீக்கி, கறியைச் சிறு துண்டாக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் புரட்டுவார்கள். கோணி ஊசியால் நூலில் மாலையாகக் கோத்து மொட்டை மாடியில் கட்டிவிடுவார்கள். காக்காய் விரட்ட ஒரு ஆள்! கல்லு மாதிரி கலகலவென்று சத்தம் வரும்வரை காயணும்.

சூட்சுமம் என்ன? ஒரு கிலோ தனிக்கறியில் ஏறத்தாழ முக்கால் கிலோ தண்ணீர்தான். உப்பு அதை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. மிச்சத்தை வெயில் குடித்துவிடுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலை இல்லை. தூத்துக்குடி உப்பு, கரிசல் வெயில், எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை ஆடு. மூன்றும் கூப்பிடு தூரத்தில்!

உப்பும் வெயிலும் புகையும் சேர்ந்த சரக்கும் தூத்துக்குடிப் பக்கம் தெரிந்ததுதான். மாலத்தீவு, மினிக்காய்த் தீவுகளின் மாசிக்கருவாடு அது. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். கவனியுங்கள். அங்கேயும் புகை தனியாக வேலை செய்யவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வீடு கண்டத்தை விரட்டியது இந்தப் பிரிட்ஜ்தான். "கறி மிஞ்சினா உள்ளே வச்சுக்கலாம்" என்று ஆனதும் மாடிக் கொடியும் கோணி ஊசியும் மறந்துபோயின.

இன்றும் கண்டம் போடுகிறவர்கள் ஈ மொய்க்காமல் வலை கட்டுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போடவே கூடாது. காயுமுன் ஈரம் பட்டால் புழுதான் மிஞ்சும்.

அளவு முக்கியம்!

புகை ஆனாலும் உப்பு ஆனாலும் தினம் தின்கிற பண்டம் அல்ல. உப்பிட்ட, புகை போட்ட, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015ல் அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. எப்போதாவது ருசிக்கு என்றால் சரி.

பிள்ளைகள் பத்திரம்!

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

பழைய பிரிட்ஜ் கொல்லையில் கிடந்தால் பிள்ளைகளுக்கு அது ஒளிந்து விளையாடும் இடம். பழங்காலக் கொக்கிப்பூட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது. காற்றும் போகாது. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் மூச்சுமுட்டிச் செத்ததால் 1956ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

ஆகவே புகைப்பெட்டி செய்கிறீர்களோ, எடைக்குப் போடுகிறீர்களோ, இன்றைக்கே அந்தக் கதவைக் கழற்றித் தனியாக வையுங்கள். புகைப்பெட்டி ஆக்கினால் கொக்கிப்பூட்டை எடுத்துவிட்டு, வெளியே சங்கிலி மாட்டிப் பூட்டுங்கள்.

புகை ருசிக்கு. உப்பும் வெயிலும்தான் காவலுக்கு. கழற்றிய கதவு பிள்ளைகளின் உசிருக்கு!