இழைசார் சேமிப்பு

இழைசார் சேமிப்பு என்பது, கணினி நிரலொன்றின் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே மதிப்புகளை வைத்துக்கொள்ளும் முறை ஆகும். திரெட் எனவும் அழைக்கப்படும் இழை, ஒரு நிரலுக்குள் தனித்து இயங்கும் கட்டளைத் தொடர் ஆகும். ஒரே நிரலின் இழைகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று எழுதியதை மற்றொன்று மாற்றிவிடக்கூடும். இழைசார் மாறியில் ஒவ்வோர் இழையும் தனக்குரிய படியை மட்டுமே காணும். ஜாவாவில் 1998 இல் வெளியான 1.2 பதிப்பு முதல் திரெட்லோக்கல் என்னும் வகுப்பு இதற்கென உள்ளது. சி, சி++ மொழிகளின் 2011 ஆம் ஆண்டுச் சீர்தரங்களிலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

பயன்பாடு

பல இணைய வழங்கிகள் ஒரு வேண்டுகோளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இழையில் கவனிக்கின்றன. எனவே பயனரின் அடையாளம் போன்றவற்றை ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனியே தராமல், இழையோடு பிணைத்து வைப்பது வழக்கமாயிற்று.

ஒத்திசைவற்ற பணிகளில் எழும் சிக்கல்

எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் பட்டு விற்கும் ஓர் இணையக் கடையைக் கொள்வோம். வாலாஜாபாத்தில் உள்ள ஒருவர் சேலை வாங்குகிறார். அவரது மின்னஞ்சல் முகவரி முதல் இழையில் வைக்கப்படுகிறது. இரசீது அனுப்பும் பணி, ஆயத்தமாக உள்ள இழைகளின் தொகுப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதனை இரண்டாம் இழை ஏற்றால், அங்கு அம்முகவரி இராது. இதனினும் தீங்கானது ஒன்று உண்டு. தொகுப்பின் இழைகள் பணி முடிந்ததும் அழிவதில்லை, மீண்டும் பயன்படுத்தப்படுகின்றன. முந்தைய வாடிக்கையாளரின் முகவரி அவ்விழையில் நீக்கப்படாமல் இருந்தால், இரசீது அவருக்குச் சென்றுவிடும். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது. ஒருவர் மட்டுமே சோதித்துப் பார்க்கும்போது இப்பிழை வெளிப்படுவதும் அரிது.

தாய் இழையின் மதிப்பைச் சேய் இழைக்குத் தரும் வகுப்பும் ஜாவாவில் உண்டு. ஆனால் அது இழை உருவாகும்போது மட்டுமே படியெடுப்பதால், மீண்டும் பயன்படும் இழைகளுக்குப் பொருந்தாது.

கையாளும் முறைகள்

1. நேரடியாகத் தருதல்: தேவையான மதிப்பைப் பணியுடனேயே அளபுருவாகத் தருதல். இது எளியதும் தெளிவானதும் ஆகும்.
2. படியெடுத்து நீக்குதல்: பணியை ஒப்படைக்கும்போது மதிப்பைப் படியெடுத்து, ஏற்கும் இழையில் வைத்து, பணி முடிந்ததும் நீக்குதல். இடையில் பிழை நேர்ந்தாலும் நீக்கம் தவறாதிருக்க, அதனை ஃபைனலி என்னும் பகுதியில் எழுதுவர்.
3. பணிசார் சூழல்: ஒரே இழையில் பல பணிகள் மாறிமாறி இயங்கும் நிரல்களில், மதிப்பை இழையோடு அன்றிப் பணியோடு பிணைத்தல். டாட் நெட் 4.6 (2015) அசிங்க்லோக்கலையும், பைத்தான் 3.7 (2018) கான்டெக்ஸ்ட்வார்ஸ் கூற்றையும் இதற்காக அறிமுகப்படுத்தின. ஒரு குறிப்பிட்ட செயல் வரம்பிற்குள் மட்டும் மதிப்பு நிலைக்கும் ஸ்கோப்ட் வேல்யூ, ஜாவா 25 (2025) பதிப்பில் நிலையான வசதியாயிற்று.

மதிப்பு உண்மையில் பணிக்கு உரியது. இழை அப்பணியைச் சிறிது நேரம் சுமக்கும் ஊர்தி மட்டுமே. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வதே மேற்கூறிய முறைகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.