உஷார்! பேத்திக்கு அரை கட்டிங்

நவி மும்பை சான்பாடா ஸ்டேஷன் பக்கம் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு டீக்கடை ஓரமாகப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தாத்தா ஒரு கட்டிங் டீ வாங்குவார். இடுப்பில் ஒன்றரை வயசுப் பேத்தி. பிஸ்கட்டை டீயில் தோய்த்து, உடைந்து விழுவதற்குள் அவள் வாயில் வைப்பார். நாலு பிஸ்கட் உள்ளே போனதும், மிச்ச டீயையும் ஊதி ஊதி ஆற்றிப் புகட்டுவார். "நம்ம பாப்பா அடமே பிடிக்காது, சமத்தாச் சாப்பிட்டுரும்" என்று பெருமை வேறு.

பெரியவரே, அந்தச் சமத்துதான் பயமாக இருக்கிறது.

சின்னக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு எவ்வளவு கொள்ளும்? எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. எட்டு கிலோ குழந்தை என்றால் 240 மில்லி, நம் வீட்டு டம்ளரில் ஒன்று. அதில் அரை கட்டிங்கும் ஊறி உப்பிய மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் போய் உட்கார்ந்துவிட்டால், ஒன்பது மணி இட்லிக்கு எங்கே இடம்? அம்மாக்காரி, "எதைக் குடுத்தாலும் துப்புது டாக்டர், பசி எடுக்க ஒரு டானிக் எழுதுங்க" என்று போய் நிற்பாள். ஏழு மணி டீ அவள் கணக்கிலேயே வராது.

வயிறு அடைபடுவது பாதிக் கதைதான். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வரை தாங்கும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு சேர்த்துச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். டீயில் இருக்கிற டானின், ராகியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் 2024-இல் சொன்னது பெரியவர்களுக்கே. இங்கே பல் முளைக்கிற பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மகாராஷ்டிராவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 68.9 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றில் 35 பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இதெல்லாம் தாராவி சால் வீட்டுக் கதை என்று டவரில் இருப்பவர்கள் நினைத்தால், நீங்களும் உஷார். அங்கே டீயும் அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் செய்கிற வேலையை, இங்கே பால் பாட்டில் செய்கிறது. ஒரு வயசுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். ரத்தம் மட்டும் இருக்காது. பாலில் இரும்பு அற்பம்.

பாட்டில் போய் குழந்தை உணவு டப்பா வந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது. இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அப்படிச் சேர்க்கவில்லை. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் வருகிறோம் என்றது அதைத் தயாரிக்கும் நெஸ்லே; பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே இறக்கியது. கடையில் இரண்டுமே இருக்கலாம். எது அதிகமோ அதுதான் பொருள் பட்டியலில் முதலில் வரும். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் சர்க்கரை இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம்.

பருப்புத் தண்ணி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டியும் நம் பாட்டியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்த 'தால் கா பானி'. தெளிந்த தண்ணீர் பிள்ளைக்கு, அடியில் நிற்கிற பருப்பு மருமகனுக்கு! மாற்றிப் போடுங்கள். பருப்பை மசித்து, நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் கொடுங்கள். முட்டை, முள் எடுத்த பாங்டா மீன், நாச்ணி (ராகி) கூழ், முருங்கைக்கீரை, கூட நாலு சொட்டு எலுமிச்சை. வாஷி ஏபிஎம்சி மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிஸ்கட்டில் பிள்ளை வளர்ப்பதை என்ன சொல்வது?

இன்றைக்கே பிள்ளையின் கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் வெளிறியிருந்தாலோ, மண்ணையும் சுவர்க் காரையையும் நோண்டித் தின்றாலோ, எந்நேரமும் சோர்ந்து கிடந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை, ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தர அரசுத் திட்டமே இருக்கிறது. ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். மலம் கறுத்துப் போகும்; பயந்து நிறுத்திவிடாதீர்கள். பாலோடு மட்டும் கலக்க வேண்டாம்.

தாத்தாவுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் கட்டிங்கை நீங்களே முழுசாகக் குடியுங்கள். பேத்தி கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிடுங்கள்.