பதினெட்டு முடிந்துவிட்டதாம்!

கீழக்கரையில் ஒரு தேநீர்க் கடை. கழகத் தோழர் ஒருவர் என் அருகில் அமர்ந்தார்.

"காக்கா, தங்கச்சிக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. சட்டமே சரின்னு சொல்லுது. நிக்காஹ்வை முடிச்சுட்டுச் சபர் போயிடலாம்னு இருக்கேன்" என்றார்.

மேடையேறிப் பெண்ணுரிமை முழங்குகிறவர் அவர். தங்கையோ கல்லூரியில் முதலாண்டு!

தம்பி, அந்தப் பதினெட்டு எப்படி வந்தது தெரியுமா? 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. அதற்கே ஆசாரம் அழிந்தது என்று அலறினர் வைதிகர். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடோ, பதினாறுக்கு மேல்தான் மணம் என்று தீர்மானித்தது. சட்டம் 1949-இல் 15-க்கு வந்தது. 1978-இல்தான் 18-ஐ எட்டியது. செங்கற்பட்டைத் தாண்ட டில்லிக்கு அரை நூற்றாண்டு! 2021-இல் 21 ஆக்க வந்த மசோதா, 2024-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியாயிற்று.

பதினெட்டுக்கு முன் கூடாது என்கிறது சட்டம். பதினெட்டு பிறந்ததும் பந்தல் போடு என்றா சொல்கிறது?

1989-இல் கலைஞர் அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக 5,000 ரூபாய் கொடுத்தபோது, எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்கத்தான் அந்த ஏற்பாடு. 2022-இல் அத்திட்டமே புதுமைப் பெண் திட்டமாயிற்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே! மணப்பந்தலுக்குப் போன பணம் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்குவோருக்கு, இந்த ஊரிலேயே 1988 முதல் தாசிம் பீவி மகளிர் கல்லூரி இருக்கிறது. பிறகென்ன அவசரம்?

"உனக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"முப்பத்திரண்டு."

புரிந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் ஊர் இது. அந்த வீட்டுக்காகச் சபர் போய்ச் சம்பாதித்தவர், தங்கை கரையேறாமல் தனக்கொரு வாழ்வு கூடாதென்று காத்திருக்கிறார். அண்ணனுக்குக் கடந்துபோன வயது, தங்கையின் வயதைத் துரத்துகிறது!

"நீ முதலில் முடித்துக்கொள். அவள் பட்டம் வாங்கட்டும்" என்றேன்.

"உம்மா ஒத்துக்க மாட்டாங்க, காக்கா."

"உம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன். தங்கச்சி என்ன சொல்கிறாள்?"

தோழர் ஆறிப்போன தேநீரைப் பார்த்தார்.

"அதைத்தான் இன்னும் கேக்கலை" என்றார்.